ரெட் ஒயின் சேர்த்த கெட்டி சாக்லேட் சாஸ்: முதல் தடவ செய்றவங்களுக்கு

பாட்டில்ல விக்கிற சாக்லேட் சாஸ்ல பெரும்பாலும் சீனி ருசிதான் முன்னாடி நிக்கும், கொக்கோ எங்கன்னு தேடணும். வீட்டுலயே ரெட் ஒயின நல்லா வத்த வச்சு டார்க் சாக்லேட்டோட சேர்த்து செஞ்சா வர்ற சாஸ் வேற ரகம், லேசான புளிப்பு, கசப்பு, பழ வாசனை எல்லாம் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா நாக்குல வரும். பினாங்குல இப்ப வீட்டுலயே கேக்கு, டிஸர்ட் செஞ்சு ஆர்டர் எடுக்கிற நம்ம பொண்ணுங்க நெறைய பேரு இருக்காங்க, அவங்கள்ல இத பத்தி கேட்டவங்களுக்காகவும், அடுப்பு பக்கமே அதிகம் போகாதவங்களுக்காகவும் சேர்த்துதான் இத எழுதுறேன், அதனால தெரிஞ்சவங்க அங்கங்க தாண்டிப் போயிக்கலாம்.

முதல்ல ஒண்ணே ஒண்ணு மனசுல வச்சுக்குங்க. ஒயினும் சாக்லேட்டும் ஒரே நேரத்துல அடுப்புல இருக்கக் கூடாது. ஒயின் தனியா, சீனியோட, பாதிக்கும் கீழ வத்தணும், அதுக்கப்புறம் அடுப்ப அணைச்சுட்டுத்தான் சாக்லேட் பக்கமே போகணும். சாக்லேட்ட உருக்கிட்டு கடைசியில ரெண்டு ஸ்பூன் ஒயின் ஊத்துனா போதும்னு சொல்றவங்க இருக்காங்க, அப்படி செஞ்சா பச்ச ஒயின் நெடிதான் மூக்குல ஏறும், ருசி வராது, அதோட சாக்லேட் இறுகி மண்ணு மாதிரி ஆகிடும். ஏன் இறுகுதுன்னு கீழ சொல்றேன்.

இது ரெண்டும் ஏன் சேருதுன்னா, ரெண்டுமே புளிக்க வச்ச பழம். திராட்சைய புளிக்க வச்சா ஒயின், கொக்கோ காய உடைச்சு உள்ள இருக்கிற வெள்ள சதையோட கொட்டைய சில நாள் குவிச்சு மூடி புளிக்க வச்சு, காய வச்சு, வறுத்தாத்தான் சாக்லேட் வாசனையே வரும், புளிக்காத கொட்டையில அது கெடையாது. பேராக்ல பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோட்டத்துல இருந்த பெரியவங்கள கேட்டுப் பாருங்க, தென்னைக்கு நடுவுல கொக்கோ நட்டிருந்த காலம் அவங்களுக்கு ஞாபகம் இருக்கும், அந்த வெள்ள சதைய சப்பி சாப்பிட்டு கொட்டைய துப்புனத சொல்வாங்க. 1990 வாக்குல மலேசியா உலகத்துல கொக்கோ அதிகமா வெளைய வைக்கிற நாடுகள்ல ஒண்ணா இருந்துச்சு, அப்புறம் செம்பனை வந்து எடத்த புடிச்சிடுச்சு. சாக்லேட் நமக்கு வெளிநாட்டு சாமான்னு நெனைக்க வேண்டியதில்லன்றதுக்காக சொல்றேன்.

சாமான் வாங்குறது

எட்டு பேருக்கு ஊத்திக் குடுக்கிற அளவுக்கு கணக்கு இது: ரெட் ஒயின் 250 மில்லி, சீனி 80 கிராம், டார்க் சாக்லேட் 150 கிராம், பால் கிரீம் 100 மில்லி, உப்பு இல்லாத பட்டர் 20 கிராம், உப்பு ரெண்டு விரல்ல எடுக்கிற அளவு, பட்டை ஒரு சின்ன துண்டு. பட்டைய விரும்புனா போடுங்க, இல்லாட்டியும் பரவால்ல. போடுறதா இருந்தா பினாங்கு லெபோ பாசார் தெரு பக்கம் நம்ம மளிகை கடைங்கள்ல கெடைக்கிற பட்டையே போதும், மோந்து பாத்து வாசனை இருக்கிறத எடுங்க. தூள் போடாதீங்க, சாஸ் நறநறன்னு ஆகிடும்.

ஒயின்ல ரொம்ப விலை உயர்ந்தது வேண்டாம், நம்ம நாட்டுல வரி காரணமா சாதாரண ஒயினே விலைதான். மெர்லோ, இல்லன்னா ஷிராஸ்னு லேபிள்ல போட்டிருக்கிறத எடுங்க. இது ரெண்டுலயும் பழ ருசி தூக்கலா இருக்கும். கேபர்நே சாவிஞோன்ல துவர்ப்பு கொஞ்சம் கூட, வத்த வச்சா அந்த துவர்ப்பும் சேர்ந்து கூடும், அதோட கசப்பு சாக்லேட்டும் சேர்ந்தா வாழப்பூவ பச்சையா கடிச்ச மாதிரி வாயெல்லாம் இழுத்துப் புடிக்கும். சூப்பர்மார்க்கெட்ல ஒயின் இருக்கிறது ஹலால் இல்லாத பகுதியில, சில எடத்துல அதுக்கு காசு கட்டுற கவுன்டரே தனி, அதனால மத்த சாமான முதல்ல வாங்கி முடிச்சுட்டு அங்க போங்க. 2017 டிசம்பர்ல இருந்து 21 வயசு ஆகாதவங்களுக்கு விக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, வீட்டு புள்ளைங்கள வாங்கிட்டு வரச் சொல்லி அனுப்பாதீங்க.

இன்னொரு விஷயம், இங்க நம்ம ஊருல மட்டும் நடக்கக்கூடிய குழப்பம். சீனர் கடையில சமையல் ஒயின்னு ஒண்ணு விப்பாங்க, அது அரிசியில செஞ்சது, நெறைய பிராண்ட்ல உப்பு வேற கலந்திருக்கும். பேராக் சித்தியவான்ல ஃபூச்சோ சீனருங்க செய்ற செவப்பு ஒயின் இருக்கு, மீ சுவான்ற மெல்லிசு நூடுல்ஸ் சூப்ல ஊத்துவாங்களே அது, நெறம் செவப்பா இருந்தாலும் அதுவும் அரிசி ஒயின்தான். கோழி சூப்புக்கு அது அருமை. சாக்லேட்டுக்கு ஆகாது. திராட்சை ஒயின்தான் வேணும்.

சாக்லேட் எடுக்கும்போது பாக்கெட்ட திருப்பி, என்னென்ன சேர்ந்திருக்குன்றத படிங்க. பேக்கிங் சாமான் கடையில ரெண்டு வகை பக்கத்து பக்கத்துல அடுக்கியிருப்பாங்க, பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். கூவெர்ச்சர்ல கொக்கோ பட்டர் இருக்கும். காம்பவுண்ட்ல அதுக்கு பதிலா செம்பனை கொட்டை எண்ணெய் மாதிரி தாவர கொழுப்பு இருக்கும். காம்பவுண்ட் நம்ம வெயிலுக்கு உருகாம நிக்கும், விலையும் கொறைச்சல், கேக் மேல கோட்டிங் போடுறதுக்கு நல்லாவே இருக்கும், ஆனா சாஸ்ல போட்டா நாக்குல மெழுகு பூசுன மாதிரி தங்கிடும், ஒயின் வாசனையையும் அமுக்கிடும். பெரில்ஸ் மாதிரி உள்ளூர் பிராண்ட்லயே கொக்கோ பட்டர் உள்ளது கெடைக்குது, வெளிநாட்டுதுதான் வேணும்னு இல்ல. கொக்கோ 55ல இருந்து 65 சதவீதம் இருக்கிறது புதுசா செய்றவங்களுக்கு பாதுகாப்பு. 70க்கு மேல போனா சீனியும் கிரீமும் கொஞ்சம் கூட்டணும். மில்க் சாக்லேட் வேண்டவே வேண்டாம், ஒயினோட புளிப்புக்கு அது எதிர்ல நிக்காது.

சாக்லேட் மேல வெள்ளையா பூத்திருந்தா பூஞ்சைன்னு தூக்கிப் போட்றாதீங்க. நம்ம ஊரு சூட்டுல கொக்கோ பட்டர் இளகி மேல வந்து மறுபடி ஒறைஞ்சா அப்படி ஆகும். உருக்கிடப் போறோம், ஒண்ணும் கெடுதல் இல்ல.

கிரீம்லயும் கவனம். டப்பாவுல கொழுப்பு 35 சதவீதம்னு போட்ட பால் விப்பிங் கிரீம் எடுங்க. நான் டெய்ரின்னு எழுதியிருக்கிறது தாவர எண்ணெயில செஞ்சு ஏற்கனவே சீனி போட்டது, கேக் ஐசிங்குக்கு அது, இதுக்கு ஆகாது. கிரீம் இல்லன்னு பால ஊத்தலாமான்னு கேப்பாங்க. ஊத்தாதீங்க. ஒயின் புளிப்பு, வத்துனா இன்னும் புளிப்பு, பால் திரிஞ்சு துணுக்கு துணுக்கா நிக்கும். கொழுப்பு நெறைய இருக்கிற கிரீம்தான் அந்த புளிப்ப தாங்கும்.

ஒயின் வத்த வைக்கிறது

மொத்த ருசியும் இந்த ஒரு எடத்துலதான் இருக்கு, அதனால அவசரப்படாதீங்க.

அகலமான சட்டி எடுங்க, சில்வர் சட்டி, இல்லன்னா எனாமல். ஈயச்சட்டி வேண்டாம், ஒயின் புளிப்பு அலுமினியத்தோட சேர்ந்தா ஒரு உலோக ருசி எறங்கும், நெறமும் மங்கும். புளிக்கொழம்புக்கு ஈயச்சட்டி வேண்டாம்னு வீட்டுல சொல்வாங்களே, அதே காரணம்தான். சட்டி உள்பக்கம் வெள்ளி நெறத்துல இருந்தா ஒயின் வத்துறத கண்ணால பாக்கவும் வசதி, கருப்பு நான்ஸ்டிக்ல எதுவும் தெரியாது.

அடுப்ப பத்த வைக்கிறதுக்கு முன்னாடியே 250 மில்லி ஒயினையும் சீனியையும் பட்டையையும் சட்டியில போட்டுடுங்க. சூடான சட்டியில பாட்டில கவுத்து ஊத்தக் கூடாது, ஒயின்ல ஆல்கஹால் 13, 14 சதவீதம் இருக்கும், கேஸ் அடுப்பு நெருப்புக்கு பக்கத்துல அந்த ஆவி பத்திக்கிற வாய்ப்பு இருக்கு. அளந்து ஒரு கப்புல எடுத்து வச்சுட்டு பாட்டில மூடி தூரமா வச்சுடுங்க. சன்னல தொறந்து வைங்க.

இப்ப ஒரு சாத்தே குச்சி (கறி குத்தி சுடுற மூங்கில் குச்சி) எடுத்து சட்டிக்கு நடுவுல நேரா நிக்க வச்சு, ஒயின் எது வரைக்கும் நனைச்சிருக்கோ அங்க பேனாவுல ஒரு கோடு போடுங்க. அந்த கோட்டுக்கும் குச்சியோட அடி முனைக்கும் நடுவுல, பாதிக்கும் கொஞ்சம் கீழ, இன்னொரு கோடு. ஒயின் அந்த கீழ் கோட்டுக்கு எறங்குற வரைக்கும் கொதிக்கணும். கண்ணளவுல பாத்தா கொதிக்கும்போது நுரை ஏமாத்தும், நெறைய இருக்கிற மாதிரியே தெரியும், அதனால குச்சிய விடும்போது அடுப்ப ஒரு நிமிஷம் அணைச்சுட்டு விடுங்க. குச்சி வேண்டாம்னா அளவு கப்புல திருப்பி ஊத்திப் பாருங்க, 120 மில்லி பக்கம் இருந்தா சரி.

தீ நடுத்தரமா இருக்கட்டும். சீனி கரையுற வரைக்கும் கிண்டுங்க, அப்புறம் விட்டுடலாம். முதல் அஞ்சு நிமிஷம் மூஞ்சிய சட்டிக்கு மேல கொண்டு போனா சுருக்குன்னு மூக்குல ஏறும், அது ஆல்கஹால் போறது. கொஞ்ச நேரத்துல அந்த குத்தல் கொறைஞ்சு ஜாம் காய்ச்சுற வாசனை வரும். கொமிழிய பாருங்க, ஆரம்பத்துல சின்னதா படபடன்னு வெடிக்கும், வத்த வத்த பெருசாகி சோம்பலா வெடிக்கும், சட்டி ஓரத்துல செவப்பா ஒரு வளையம் ஒட்டும். அந்த வளையத்த கரண்டியால தள்ளி உள்ள விட்டுக்கிட்டே இருங்க, இல்லன்னா அது கருகி மொத்தத்துக்கும் கசப்பு ஏத்திடும். சட்டியோட அகலத்த பொறுத்து 12ல இருந்து 18 நிமிஷம் ஆகும். கடைசி மூணு நிமிஷம் பக்கத்துலயே நில்லுங்க, போன் அடிச்சாலும் எடுக்க வேண்டாம், தண்ணி கொறைஞ்சதுக்கு அப்புறம் சீனி ரொம்ப வேகமா கருகும்.

கரண்டியில எடுத்து சாச்சு விட்டா மெல்லிசு பாகு மாதிரி ஓடணும், கம்பிப் பதம் வரைக்கும் போகக் கூடாது. போயிட்டா கவலப்படாதீங்க, ரெண்டு ஸ்பூன் சுடு தண்ணி விட்டு கிண்டுங்க, எளகிடும். ஒரு துளி தட்டுல விட்டு ஆற வச்சு ருசி பாருங்க. புளிப்பு கண்ண சுருக்க வைக்குதுன்னா இன்னொரு ஸ்பூன் சீனி. பட்டைய எடுத்துடுங்க.

சாக்லேட் சேர்க்கிறது

ஒயின் கொதிச்சுக்கிட்டு இருக்கும்போதே சாக்லேட்ட பொடியா நறுக்கி ஒரு பாத்திரத்துல வச்சிருக்கணும். ஐஸ் பெட்டியில இருந்து எடுத்த சாக்லேட்னா ஒரு அரை மணி நேரம் முன்னாடியே பாக்கெட்ட பிரிக்காம வெளிய வைங்க, பினாங்கு காத்துல இருக்கிற ஈரம் குளிர்ந்த சாக்லேட்ல பட்ட ஒடனே வேர்த்துடும். பாத்திரம், கத்தி, பலகை எல்லாம் காஞ்சிருக்கணும்.

இறுகுறத பத்தி சொல்றேன்னு சொன்னேன்ல. சாக்லேட்டுங்கிறது கொழுப்புக்குள்ள மெதக்குற சீனியும் கொக்கோ தூளும்தான், அதுல தண்ணி இல்ல. கொஞ்சமா தண்ணி பட்டா சீனி அந்த தண்ணிய இழுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், மொத்தமும் கட்டியா மண்ணாயிடும். ஆனா தண்ணி போதுமான அளவு இருந்துச்சுன்னா சீனி கரைஞ்சு போய் சாக்லேட் பளபளன்னு சாஸா மாறிடும். 60 கிராம் சாக்லேட்டுக்கு கொறைஞ்சது ஒரு மேசை கரண்டி நீர் வேணும்னு கணக்கு. நம்ம 150 கிராமுக்கு 120 மில்லி பாகு ஊத்துறோம், அது தாராளம். அதனாலதான் துளி துளியா ஊத்தாம மொத்த பாகையும் ஒரே தடவையா ஊத்தணும்.

அடுப்புல இருந்து எறக்குன பாக ஒரு நிமிஷம் ஆற விட்டு சாக்லேட் மேல பரவலா ஊத்துங்க. தொடாதீங்க. ரெண்டு நிமிஷம் அப்படியே இருக்கட்டும். அப்புறம் நடுவுல சின்ன வட்டமா கிண்ட ஆரம்பிங்க, நடுவுல கருப்பா பளபளப்பா ஒரு கண்ணு மாதிரி தெரியும், அத மெல்ல மெல்ல வெளிய விரிச்சுக்கிட்டு போங்க. வேகமா அடிச்சா காத்து ஏறி நுரை தட்டி பளபளப்பு போயிடும். கட்டி மிச்சம் இருந்தா பாத்திரத்த சுடுதண்ணி சட்டி மேல கொஞ்ச நேரம் வைங்க, தண்ணி பாத்திரத்தோட அடியில படக் கூடாது, ஆவி மட்டும் போதும்.

கிரீம விரல் வச்சா பொறுக்கிற சூட்டுக்கு காய்ச்சி, மூணு தடவையா பிரிச்சு ஊத்தி ஒவ்வொரு தடவையும் முழுசா கலந்ததுக்கு அப்புறம் அடுத்தது. ஐஸ் பெட்டியில இருந்து எடுத்த கிரீம அப்படியே ஊத்துனா கொக்கோ பட்டர் ஆங்காங்க ஒறைஞ்சு திப்பி திப்பியா நிக்கும். கடைசியா பட்டர், உப்பு. உப்ப விடாதீங்க, கசப்ப அடக்கி ஒயின் வாசனைய தூக்கிக் குடுக்கிறது அதுதான்.

கரண்டிய முக்கி எடுத்து பின்பக்கம் விரலால ஒரு கோடு இழுத்துப் பாருங்க. கோடு மூடாம நின்னா பதம் சரி. ரொம்ப கெட்டியா இருந்தா சூடான கிரீம் ஒரு ஸ்பூன். ரொம்ப தண்ணியா இருந்தா பயப்பட வேண்டாம், ஆறும்போது தானா கெட்டியாகும், அரை மணி நேரம் வச்சுட்டு முடிவு பண்ணுங்க. எண்ணெய் பிரிஞ்சு மேல மெதந்தா சூடு அதிகமாயிடுச்சுன்னு அர்த்தம், வெதுவெதுப்பான தண்ணி இல்லன்னா கிரீம் ஒரு ஸ்பூன் ஊத்தி நடுவுல இருந்து நிதானமா கிண்டுனா பெரும்பாலும் சேர்ந்துடும்.

பால் சாப்பிடாதவங்களுக்கு கிரீமுக்கு பதிலா கட்டி தேங்காப்பால், பட்டர விட்டுடலாம். பாசார்ல அப்பவே பிழிஞ்சு குடுக்கிற தண்ணி சேர்க்காத சந்தான் கேட்டு வாங்குங்க. அதோட சீனிக்கு பதிலா குலா மலாக்கா (பனை, தென்னை வெல்லம்) சீவிப் போட்டா ஒரு கருகல் இனிப்பு வரும், எனக்கு இதுதான் ஒசத்தின்னு தோணும்.

விருந்தாளிங்களுக்கு குடுக்கும்போது

இத தயவுசெஞ்சு லேசா எடுத்துக்காதீங்க. கொதிக்க வச்சா ஆல்கஹால் எல்லாம் போயிடும்னு நெறைய பேரு நம்புறாங்க, அப்படி இல்ல. அமெரிக்க விவசாயத் துறை வெளியிட்ட கணக்குப்படி உணவுல கலந்து 15 நிமிஷம் கொதிக்க வச்சா சுமார் 40 சதவீதம் தங்கும், அரை மணி நேரத்துக்கு சுமார் 35. நம்ம மாதிரி அகலமான சட்டியில மூடி போடாம பாதிக்கும் கீழ வத்த வச்சா அத விட கொறைவா இருக்கும், ஆனா சுத்தமா இல்லன்னு சொல்ல முடியாது. பண்டிகைக்கு எல்லாரையும் வீட்டுக்கு கூப்பிடுற நம்ம ஓப்பன் ஹவுஸ்ல மலாய் கூட்டாளிங்க வருவாங்க, இந்திய முஸ்லிம் மாமாக் கடைக்காரர் குடும்பத்தோட வருவாரு, நம்மள்லயே கோயிலுக்கு வெரதம் இருக்கிறவங்க, மருந்து சாப்பிடுறவங்க, மாசமா இருக்கிறவங்க, குடிய விட்டுட்டு கஷ்டப்பட்டு நிக்கிறவங்க எல்லாம் இருப்பாங்க. கேட்டா சொல்லலாம்னு இருக்காதீங்க, நீங்களே முந்திக்கிட்டு சொல்லுங்க. சாஸ் கிண்ணத்து மேல ஒயின் இருக்குன்னு பெருசா எழுதி வைங்க, தனி மேசை, தனி கரண்டி. சின்ன புள்ளைங்க கைக்கு எட்டாத எடம்.

எல்லாருக்கும் ஒரே மாதிரி குடுக்கணும்னு நெனச்சா ஒயினே இல்லாம செய்ங்க. மாதுளம்பழ சாறு 250 மில்லி, சீனி பாதி அளவு, அதே மாதிரி வத்த வச்சு, கடைசியில எலுமிச்சை சாறு அரை ஸ்பூன். மாதுளையிலயும் துவர்ப்பு இருக்கிறதால ஒயினுக்கு கிட்டத்துல வரும். அதுவும் ஒயின் காய்ச்சாத வேற சட்டியில செய்யணும், அப்பதான் மலாய் கூட்டாளிங்க மனசு நெருடாம சாப்பிடுவாங்க.

எது மேல ஊத்தலாம்னா, வனிலா ஐஸ்கிரீம் சொல்லவே வேண்டாம். கேமரன் மலை ஸ்ட்ராபெரி புளிப்பா இருக்கிறப்ப இதுல முக்கி சாப்பிட்டா ரொம்ப நல்லா சேரும். சாயங்காலம் சூடா வாங்குன பிசாங் கோரேங் மேல ஊத்திப் பாருங்க, மொறுமொறுப்பும் வாழப்பழ இனிப்பும் இந்த கசப்பும் சேர்றது எனக்கு ரொம்ப பிடிச்சது. டுரியான் மேல மட்டும் வேண்டாம், டுரியானும் சாராயமும் சேரக் கூடாதுன்னு நம்ம ஊருல பெரியவங்க சொல்றத மீற வேண்டியதில்ல, அதோட அந்த வாசனைக்கு முன்னாடி ஒயின் காணாமலே போயிடும்.

மிச்சம் இருந்தா நல்லா ஆற வச்சு, காஞ்ச கண்ணாடி பாட்டில்ல போட்டு மூடி ஐஸ் பெட்டியில வைங்க. கிரீம் இருக்கிறதால ஒரு வாரத்துக்குள்ள முடிச்சுடுங்க, தேங்காப்பால்ல செஞ்சதுன்னா ரெண்டு மூணு நாளுக்கு மேல வேண்டாம். வெளிய மேசை மேல ராத்திரி பூரா விட்டுடாதீங்க. ஐஸ் பெட்டியில அது கெட்டியா ஒறைஞ்சு போயிருக்கும், வேணும்ன்ற அளவு மட்டும் ஒரு கிண்ணத்துல எடுத்து சுடுதண்ணி மேல வச்சு கிண்டுங்க. மைக்ரோவேவ்னா 15 செகண்ட், எடுத்து கிண்டு, மறுபடி 15 செகண்ட், ஒரேயடியா ஒரு நிமிஷம் வச்சா ஓரத்துல கருகி எண்ணெய் பிரிஞ்சுடும்.